முட்டைக்கு அவசரமுங்களா மாப்ள?

வாங்க மாப்ள, வாங்க. அட, வந்திருக்கறது நானு, வாங்கன்னு சொல்ல வேண்டியது நீயி. போச்சாது. பெங்களூருல பன்னண்டு வருசம் கம்ப்யூட்டரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தவனுக்கு, ஊட்டுக்கு ஆளு வந்தா தலையத் தூக்கோணும்ங்கறது மறந்துதான் போயிருக்கும்.

உங்கொம்மாதான் போன் பண்ணுனா. "தம்பி, உன்ற மருமவன் 50 லகான் கோழி வாங்கி வுட்டிருக்கறான். வெடிஞ்சு எந்திரிச்சா கோழிக்குப் பொறத்தால போய்க் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறான். ஒரெட்டு வந்து என்னன்னு கேளு"ன்னா. உனக்குத்தான் ஒடம்புக்கு ஏதோ ஆகலையாட்ட இருக்குதுன்னு பதறியடிச்சு வந்தேன். வந்து பாத்தா, முட்டை வுழுந்திருக்குதான்னு தேடறயாமா. ஏங்கண்ணு, அதுக்கு வயசு 9 வாரம். புள்ளையப் பள்ளிக்கோடத்துல சேக்கப் போன அன்னிக்கே, இவனுக்குப் பென்சன் எப்ப வரும்னு வாத்தியாரக் கேட்டானாமா ஒருத்தன். அவனுக்கு நீ அண்ணன்.

கணக்கு வேற போட்டு வெச்சிருக்கறயாமா. காட்டு அந்தப் போன. 50 கோழி, ஒண்ணுக்கு வருசம் 300 முட்டை, ஆகமொத்தம் 15,000. கட்டத்துக்குள்ள கட்டம், பச்சைக் கலருல லாபம். நெம்ப அழகா இருக்குது மாப்ள, பிரேம் போட்டு ஆசாரத்துல மாட்டு. லகான் கோழி 300 முட்டை வுடும்ங்கறது பொய்யில்ல. நாமக்கல் பண்ணைகள்ல 72 வாரம் வரைக்கும் வெச்சிருந்து அதுக்கு மேலயே எடுக்கறாங்க. ஆனா உன்ற கட்டத்துல முட்டை வுடற கோழிதான் இருக்குது, வளர்ற கோழியக் காணோமே? மொத 18 வாரத்துக்கும் "செலவு"ன்னு ஒத்தைச் சொல்லப் போட்டு மூடி வெச்சிருக்கற. உன்ற 15,000 முட்டையும் அந்தக் கட்டத்துக்குள்ளதான் மாப்ள கெடக்குது.

சரி, இதென்ன மூட்டை? முட்டைத் தீவனமா? முட்டை வேணும்னா முட்டைத் தீவனம் போடோணும்னு நீயே கண்டுபுடிச்சுக்கிட்டயா? அடேயப்பா! இது தெரியாமப் போச்சே. உனக்கு அஞ்சு வயசுலயே நாலு கம்ப்யூட்டர அரைச்சு ஊட்டியிருந்தா இன்னும் நெம்ப தூரம் போயிருப்ப. பக்கத்துல இதென்ன சாக்கு? கிளிஞ்சல்! அதையும் தனியா வட்டல்ல வெச்சு வேணுங்கற மட்டும் திங்க வுட்டிருக்கற. தர்மப் பிரபு.

உக்காரு, சொல்றேன். முட்டைத் தீவனத்துல சுண்ணாம்புச் சத்து நூத்துக்கு மூணரை, நாலுன்னு இருக்கும். வளர்ற கோழிக்கு 1 இருந்தாலே ஏதேஷ்டம். முட்டை வுடற கோழிக்கு எதுக்கு அத்தனைன்னா, ஒவ்வொரு ஓட்டோடயும் 2 கிராம் கால்சியம் வாக்குல ஒடம்ப வுட்டு வெளிய போயிருது. வர்றதும் போறதும் சரியாப் போகும். உன்ற குஞ்சுக்குப் போற வழி ஏது? தின்ன சுண்ணாம்பு ரத்தத்துல ஏறி கிட்னி வழியாத்தான் எறங்கோணும். அந்தப் பிஞ்சுக் கிட்னி எத்தனை நாளைக்குத் தாங்கும்? வாரக்கணக்கா இதே தீனின்னா கிட்னி கெட்டுக் குழாயில கல்லு கட்டிப் போகும். கோழி உடனே செத்திருந்தா நமக்கும் புத்தி வந்திருக்கும். சாகாது, நல்லாத்தான் மேயும். முட்டைக்கு வந்து, வேலை கூடுன காலத்துல, கொண்டை சிவந்து லட்சணமா நின்ன கோழி ஒரு நா வெடியால மல்லாந்து கெடக்கும். அறுத்துப் பாத்தா ஈரலு மேல, இருதயத்து மேல எல்லாம் சுண்ணாம்பு தெளிச்சாப்ல வெள்ளை பூத்திருக்கும். பாக்கத்தான் சுண்ணாம்பு. கிட்னியில வெளியேற முடியாமத் தேங்கிப் போன யூரிக் அமில உப்பு அது. நீ என்ன பண்ணுவ, நேத்து என்ன தின்னுச்சுன்னு யோசிப்ப. அதக் கொன்னது 40-வது வாரத்துத் தீனியா? இந்த 9-வது வாரத்து வட்டலு!

கிளிஞ்சலே ஆகாதுங்கல. அதுக்கும் ஒரு காலம் வரும். மொத முட்டைக்கு 2 வாரம் இருக்கறப்ப கோழி உள்ளார ஒரு வேலை நடத்தும். தொடையெலும்பு, காலெலும்புக்குள்ள பொந்தா இருக்கற எடத்துல புதுசா ஒரு எலும்பு வளத்தும். நம்மூட்டுல குதிருக்குள்ள கம்பு கொட்டி வெப்பாங்களே, அந்த மாதர சுண்ணாம்பச் சேத்து வெக்கற குதிரு அது. ஒரு முட்டை முழுசா உருவாகறதுக்கு 25 மணி நேரம் ஆகுதுன்னா, அதுல 20 மணி நேரம் ஓடு கட்டறதுக்கே போயிருது. பாதிக்கு மேல ராவேலை. எரப்பை காலியான நேரத்துல குதிரத் தொறந்து எடுத்துக்கும். முட்டை வுடற கோழிக்குப் பெரும்பருக்கைக் கிளிஞ்சலப் பொழுதோட போடறது அதுக்குத்தான், மெதுவாக் கரைஞ்சு நடுச்சாமத்துக்கு உதவும். உன்ற கோழிக்கு 16 வாரம் வாக்குல சுண்ணாம்பக் கொஞ்சம் கூட்டி, முட்டை வுழுக ஆரம்பிச்சதும் முழுசாப் போட்டாச் சரி. அதுக்கு முந்தி ஒரு சிட்டிகை கூட வேண்டாம். இந்த மூட்டையையும் சாக்கையும் வாசப்படியோரம் எடுத்து வெய்யி, அப்பறம் ஒரு வழி பண்ணலாம்.

இப்ப ஒரு கோழியப் புடி. அதென்ன, புது செல்போனாட்டம் ரெண்டு வெரல்ல புடிக்கற? றெக்கையோட சேத்து அணை. ஆங். இங்க வெரல வெய்யி, நெஞ்செலும்பு மேல. என்ன தெரியுது? கொடுவாள் முதுகாட்டம் குத்துது. ரெண்டு பக்கமும் சதை மேடு கட்டியிருக்கோணும், இங்க பள்ளமாக் கெடக்குது. காலப் பாரு, முட்டிக்குக் கீழ நீண்டு வந்திருக்கோணும், இது கட்டையா நிக்குது. எடை என்ன? தராசு இல்லியா? கொட்டாய்க்கு மேல வைஃபை டப்பா இருக்குது, தராசு இல்ல. என்ற கையிக்கு இது 450 கிராமுக்கு மேல வராது. 9 வாரத்து லகான் 600 கிராமத் தாண்டியிருக்கோணும் மாப்ள.

உண்மையச் சொல்லு, குஞ்சுத் தீவனத்துல என்ன கலந்த? தவிடு. எப்பலேருந்து? மூணாவது வாரத்துலேருந்து. எதுக்கு? செலவக் கொறைக்கறதுக்கு. ஆகா!

இப்ப உன்ற போன எடு, கணக்க நீயே போடு. மொத 8 வாரத்துல ஒரு குஞ்சு மொத்தமாத் திங்கறதே 2 கிலோவுக்குள்ள. 18 வாரம் முடியறதுக்குள்ள 6 கிலோ வாக்குல. அதுக்கப்பறம் தெனம் 100, 110 கிராம்னு 72 வாரம் வரைக்கும் 40 கிலோ திங்கப் போகுது. 40 கிலோவ வுட்டுப்போட்டு அந்த 2 கிலோவுல போயி மிச்சம் புடிச்சிருக்கறயே, உனக்குச் சம்பளம் குடுத்தவன நெனச்சா எனக்குப் பாவமா இருக்குது.

ஊடு கட்டறவன் கடக்கால்ல சிமெண்டக் கொறைச்சு மிச்சம் புடிச்ச காசுல மாடிக்குப் பெயிண்டு அடிச்சாப்லதான் இது. குஞ்சுக்கு மொத 6 வாரத்துல கொடலு, ஈரலு, நோயத் தாங்கற சக்தி எல்லாம் வளரும். அதையொட்டி 12, 13 வாரம் வரைக்கும் எலும்பும் சதையும். 13 வாரத்துல எலும்புக்கூடு நூத்துக்கு 90-க்கு மேல முடிஞ்சுபோகும். அப்பறம் நீ குதிரோட கவுத்துனாலும் எலும்பு நீளாது, வயித்துல கொழுப்பாத்தான் ஒதுங்கும். அதனாலதான் குஞ்சுத் தீவனத்துல புரதம் நூத்துக்கு 20 வெக்கறது, வளர்கோழிக்கு வந்தப்பறம் 16-க்கு எறக்கறது. 18 வாரத்துக்கு 1,200 கிராம் வந்தா அது கோழி. 900-த்துல முட்டைக்கு வந்துச்சுன்னா பொடி முட்டை வுடும். அது என்னமோ நாலு நாளைக்குத்தான்னு நெனைக்காத, மொத முட்டையப்ப என்ன எடையோ அதையொட்டித்தான் ஆயுசு முச்சூடும் முட்டை சைசு. கடைக்காரன் ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாத்து மொனகறப்ப, இந்தத் தவிட்ட நெனச்சுக்கோ.

உங்கமுச்சிக்குப் புரதம்னா என்னன்னே தெரியாது. ஆனா குஞ்சு பொரிச்ச மக்யா நாளே கட்டுத்தரையில காஞ்ச சாணி, சோளத்தட்டு, கந்தச் சாக்கு எல்லாத்தையும் ஒரு ஓட்டைச் சட்டியில அமுக்கி, தண்ணி தெளிச்சு, வேலியோரம் கவுத்து வெச்சுருவா. வெடியால தூக்குனா மொளுமொளுன்னு கரையான். அதத் தட்டுனா கொடாப்புலேருந்து குஞ்சுக வுழுந்தடிச்சு ஓடியாரும். பெரிய கோழி கிட்ட வந்தா வெளக்குமாறு பறக்கும், "உனக்கென்ன கேடு, போய் மேயி"ம்பா. நாட்டுக்கோழி, வருசத்துக்கு 60, 80 முட்டைதான், மூணு நாலு தடவை அடைக்கு வேற உக்காந்துக்கும். அந்தக் கோழிக்கே குஞ்சு வயசுலதான் வாயிக்கு ருசியாப் போடோணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. நீ 300 முட்டைக் கோழிக்குத் தவிட்டப் போட்டிருக்கற.

தவிட்டையும் ஒரேயடியாத் திட்டிப்போடக் கூடாது. 12 வாரத்துக்கு மேல கொஞ்சம் தவிடு, அசோலா, கீரைன்னு நார்ச்சத்து உள்ள போனா கொடலு விரியும். முட்டைக்கு வந்த புதுசுல நெம்ப திங்க வேண்டி வரும், அப்ப எடம் வேணுமில்ல? அந்த வயசுல வெறும் மக்காச்சோளத்த அள்ளி அள்ளிப் போட்டு வளத்துனா, பாக்கறதுக்குப் புதுமாப்பிள்ளையாட்டம் மினுமினுன்னு இருக்கும். வயித்துக்குள்ள பூராவும் மஞ்சக் கொழுப்பு. அப்பறம் முட்டை வர்ற வழிய அடைச்சுக்கும், ஈரல்ல கொழுப்பு ஏறிச் சாகும். உன்ற வயித்தப் பாத்துச் சொல்றேன்னு நெனைக்காத, பொதுவாச் சொன்னேன்.

இன்னொரு கோழி புடி. அதில்ல, அந்த மூலையில அதிகாரியாட்டம் நிக்குதே, அது. பாத்தயா, இது 700 கிராம் வரும். ரெண்டும் ஒரே நாள் பொரிச்சது, ஒரே கொட்டாய், ஒரே தண்ணி. ஏன்? பந்தியில பாத்திருப்பியே. எலை போடறதுக்கு முன்னாலயே உக்காந்து அப்பளத்த நொறுக்கறவன் ஒருத்தன், கடைசிப் பந்தியில ரசஞ்சோறு தின்னுபோட்டுப் போறவன் ஒருத்தன். 50 கோழிக்கு நீ வெச்சிருக்கறது ஒத்தைத் தீவன வாளி. வளர்ற கோழிக்கு ஆளுக்கு 3 அங்குலமாச்சும் எடம் வேணும். 150 அங்குலம், பன்னண்டரை அடி. இந்த வாளியச் சுத்தி அளந்தா 4 அடி வருமா? பலசாலி தின்னு முடிச்சு மூக்கத் தொடைக்கற வரைக்கும் நோஞ்சான் கை கட்டி நிக்குது. நின்னு நின்னு கடைசியில போனா அதுக்கு என்ன மிச்சம்? மாவு. கோழி பருக்கையாப் பாத்துத்தான் பொறுக்கும், பொங்கல்ல நீ முந்திரியப் பொறுக்கறாப்லயே. தாது உப்பு, வைட்டமின் எல்லாம் அடியில கெடக்கற அந்தத் தூளுக்குள்ளதான் இருக்குது. அதனால மேல மேல கொட்டாத, தெனம் ஒருக்கா வாளி காலியாகற வரைக்கும் வுடு. தூளையும் நக்கட்டும். தண்ணி மட்டும் காலியாகக் கூடாது, தீனியப் போல ரெண்டு பங்கு குடிக்கும், வெயிலு காலத்துல இன்னும் மேல.

தராசு ஒண்ணு வாங்கு. வாரம் ஒருக்கா, வெடியால, தீனி போடறதுக்கு முன்னால, நெறுத்து எழுது. 50 தானே, எல்லாத்தையுமே நெறுத்துரு, உனக்கு வேற சோலி என்ன? சராசரி 600-ன்னா 540-லேருந்து 660-க்குள்ள 40 கோழியாச்சும் நிக்கோணும். நிக்கலைன்னா நோஞ்சானையெல்லாம் பிரிச்சுத் தனியாத் தடுத்து, அதுகளுக்கு இன்னும் 3 வாரம் குஞ்சுத் தீவனமே போடு. 8 வாரம் ஆச்சு, பை மாத்தோணும்னு காலண்டரப் பாத்து மாத்தறவன் நம்மூருல நெறையப் பேரு இருக்கறான். தேதிய வெச்சா கோழி வளருது? எடை வந்தாத்தான் அடுத்த பை. இப்ப உனக்கு 9 வாரம்தான் ஆகுது, எலும்பு முத்தறதுக்கு இன்னும் 3, 4 வாரம் மிச்சம் இருக்குது, தப்பிச்ச. 14 வாரத்துல என்னெக் கூப்புட்டிருந்தீன்னா, காப்பியக் குடிச்சுப்போட்டு கோழி கொளம்பு வெக்கச் சொல்லிட்டுப் போயிருப்பேன்.

என்ன சிரிக்கற? இத்தனையும் இவனுக்கு எப்படித் தெரியும்னா? என்ற துட்டுல படிச்சது மாப்ள. எனக்கு 200 கோழி இருந்த காலத்துல ஒரு யாவாரி கடலைப் புண்ணாக்கு பாதி வெலைக்குத் தர்றேன்னான். மழையில நனைஞ்சது, ஒரு ஓரம் பச்சை பூத்திருந்தது. "வெயில்ல காயவெச்சாப் போயிருமுங்க"ன்னான். காயவெச்சேன், பச்சையும் போச்சு. அவன் சொன்னது பொய்யில்ல. ஆனா பூஞ்சை போச்சே தவிர அது கக்குன நஞ்சு போகல. 7 வாரத்துக் கோழிக தீனியத் தொட்டுத் தொட்டு வெலகுச்சு, றெக்கை தொங்குச்சு, பாதி அப்படியே வளராம நின்னு போச்சு. நாமக்கல்லு டாக்டரு ஒண்ண அறுத்துக் காட்டுனாரு, ஈரலு மஞ்சளா, வெளுத்து, தொட்டா உதுருது. அவருதான் சொன்னாரு, 1960-ல இங்கிலாந்து தேசத்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி இதே நஞ்சுல செத்துச்சாம். பிரேசில்லேருந்து கப்பல்ல வந்த கடலைப் புண்ணாக்காம். ஏதோ வெள்ளைக்காரனும் நம்மளாட்டமே பாதி வெலைக்கு வாங்கியிருப்பானோன்னு எனக்கு ஒரு ஆறுதல். உங்கத்தைக்கு ஆறுதல் இல்ல. அந்தப் புண்ணாக்குக்குத்தான் அவ தாலிக்கொடியில ஒரு காசு போனது, இன்னிக்கு வரைக்கும் சாப்பாடு போடறப்பல்லாம் சொல்லிக் காட்டறா.

பொழுது எறங்குது. லைட்டப் போடறயா? வேண்டாம் வேண்டாம், ராத்திரி பூராவும் டியூப் லைட்டு எரியுதுன்னு அக்கா சொன்னா. வெளிச்சம் இருந்தா ராத்திரியும் தின்னு சீக்கிரம் முட்டைக்கு வருமா? வரும். அதுதான் வம்பே. கோழிக்கு வெளிச்சம் கண்ணு வழியா மட்டும் போறதில்ல, மண்டையோட்டத் தாண்டி நேரா மூளைக்கே போகுது. நமக்குத்தான் அங்க எதுவும் போறதில்ல. பகல் நீளுதுன்னு மூளை நெனச்சா முட்டைப்பையத் தூண்டி வுட்டுரும். ஒடம்பு தயாராகறதுக்கு முந்தியே முட்டை வந்துச்சுன்னா, இடுப்பெலும்பு விரியாத கோழி முக்கி முக்கி, முட்டை வர்ற எடம் வெளிய பிதுங்கிப்போகும். செக்கச்செவேல்னு தெரிஞ்சா மத்த கோழிக சும்மா வுடுமா? கொத்திக் கொத்திக் கொடலையே உருவிரும். அதனால இப்பப் பகல் வெளிச்சம் மட்டும் போதும், நம்மூருல அது பன்னண்டு மணி நேரத்த ஒட்டித்தான் எப்பவும். 18 வாரத்துல எடை வந்துச்சுன்னா அப்பறம் வாரத்துக்கு அரை மணி நேரமாக் கூட்டி 16 மணி நேரத்துக்குக் கொண்டு போ. எடை வரலைன்னா ஒரு வாரம் பொறு. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கோணும்.

முட்டைக்கு வந்துருச்சான்னு எப்படிப் பாக்கறதுன்னுதானே கேக்கற? பொறத்தால குனிஞ்சு பாத்தாத் தெரியாது. 18 வாரம் ஆகட்டும், கொண்டை பெருத்துச் செவக்கும். நீ கிட்டப் போனா ஓடாம, றெக்கைய லேசா விரிச்சுத் தரையோட அமுங்கும். அப்பத் தூக்கி, வால்மாட்டுக்குக் கீழ ரெண்டு இடுப்பெலும்பு முனை இருக்கும், அதுக்கு நடுவுல வெரல வெய்யி. ஒத்தை வெரல் நொழைஞ்சா ஊட்டுக்குப் போய்ப் படு. ரெண்டு வெரல் நொழைஞ்சா இன்னும் கொஞ்ச நாளு. மூணு நொழைஞ்சுதுன்னா முட்டை எங்கியோ வுழுந்து கெடக்குது, உனக்குத்தான் கண்ணு தெரியல.

சரி, காப்பி வேண்டாம், உங்கத்தை தேடுவா. நாளைக்கே குஞ்சுத் தீவனம் வாங்கிப்போடு, நல்லாப் பாத்து வாங்கு, மோந்து பாரு, பாதி வெலைன்னா ஓடியாந்துரு. இன்னும் மூணு தீவன வாளி. தராசு. டியூப் லைட்ட மாட்டுக் கொட்டாய்க்கு மாத்து.

அட, அதச் சொல்ல மறந்தே போயிட்டேன். வாசப்படியோரம் வெச்சமே, அந்த முட்டைத் தீவன மூட்டை, பிரிச்சது ஒண்ணு, பிரிக்காதது மூணா? 16 வாரம் ஆகறதுக்குள்ள அது இங்க கெடந்தா சளுப்பேறிப் பூஞ்சை புடிச்சுப் போகும் மாப்ள, என்ற கதைய இப்பத்தானே கேட்ட. குஞ்சுகளுக்குப் பக்கத்துல வெச்சிருக்கறதும் ஆபத்து. என்ற ஊட்டுல 30 கோழி இப்பத்தான் முட்டையில நல்லா இருக்குது, வெலை வேற போன வாரம் ஏத்திப்போட்டானுங்க. எனக்கென்ன, உனக்காகச் செரமத்தப் பாக்காமத் தூக்கிட்டுப் போறேன். அந்தக் கிளிஞ்சல் சாக்கையும் சேத்து வெய்யி. காரெடு மாப்ள, டிக்கியத் தொற.